வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று

மாஸ்டரின் கண்ணில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பதினாறு வருஷமாக, வருகிறவர்கள் முகத்தில் ஃபிரேமை மாட்டி, கருவிழி எங்கே வருகிறது என்று பார்த்து, கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைக்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கண்ணாடி போடுவதற்காகக் கணவரைக் கடைக்கு வரச் சொல்லி எதிரில் உட்கார வைத்தாள்.

"நேரா என் மூக்கைப் பாருங்க."

பார்த்தார். புள்ளி வைக்க இடமில்லை. இரண்டு இமைகளும் கருவிழியில் பாதிவரை இறங்கி நின்றன.

"கண்ணை நல்லாத் திறங்க."

"திறந்துதான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல திறந்தா நெத்தி கிழிஞ்சிடும்."

பொய்யில்லை. புருவங்கள் மேலே ஏறி, நெற்றியில் நாலு வரிகள் ஆழமாக விழுந்திருந்தன. அந்த வரிகளை அவள் இத்தனை நாளும் வயசின் கணக்கில் எழுதியிருந்தாள். வீட்டில் தினமும் பார்க்கிற முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கடையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விடுமுறை நாட்களில் வாலிபால் நடுவர். நாலைந்து வருஷமாகவே தாடையை உயர்த்தித்தான் நடப்பார். பிள்ளைகள் அவருக்கு 'வானிலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போதும் வானத்தைப் பார்க்கிறாராம். அவர் மைதானத்துக்குள் நுழைந்தால் "வானிலை வருது, வானிலை வருது" என்று வரிசை கட்டி நிற்பார்கள். பெற்றோர்களில் சிலருக்கு அவர் திமிர் பிடித்தவர். வேறு சிலருக்குத் தூங்குமூஞ்சி. நடுவர்கள் வட்டாரத்தில் மட்டும் நல்ல பெயர். பந்து இந்தப் பக்கம் போனால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். ஒரு பந்தைக்கூட விடாமல் பின்தொடர்கிற மனுஷன் என்று பாராட்டுவார்கள்.

அந்தப் பாராட்டின் காரணம் நரம்பு டாக்டரின் அறையில் தெரிந்தது. டாக்டரம்மா ஒரு கையால் மாஸ்டரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தலையை ஆட்டாம என் விரலை மட்டும் பாருங்க" என்று இன்னொரு கையை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனார். கண் போகவில்லை. இடப்பக்கம் கொண்டுபோனார். அப்போதும் போகவில்லை. ஆணி அடித்தது போல இரண்டு கண்களும் நடுவிலேயே நின்றன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டருக்கோ ஒன்றும் புரியவில்லை. "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே டாக்டர்" என்றார்.

"ரெண்டு கண்ணும் ஒண்ணு சேர்ந்து மெதுவா நின்னுபோனதால உங்களுக்குத் தெரியலை. கண்ணு செய்யற வேலையை உங்க கழுத்து செஞ்சிட்டிருக்கு."

இமை இறங்குவதற்குக் காரணம் பல உண்டு என்றார் டாக்டரம்மா. இவருக்கு மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, நரம்பு சொல்வது தசையின் காதில் விழாமல் போகிற நோய். இரண்டாவது, தசையையே தாக்குகிற பரம்பரை நோய்; மூன்றாவது, தசைக்குச் சக்தி தயாராவதில் கோளாறு. மூன்றில் முதலாவதுதான் அடிக்கடி வருவது, அதற்குத்தான் மருந்தும் உண்டு. ரத்தத்தில் அதற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் கிடைக்காமலும் வரும். அதனால் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டார். இமை ஏறவில்லை, உடம்பு ஏறியது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிற்று. சர்க்கரை எட்டிப் பார்த்தது.

"இருட்டுல கல்லெறியறதை நிறுத்துவோம்" என்றார் டாக்டரம்மா. "தோள்ல ஒரு சின்னத் துண்டு தசை எடுத்துப் பார்த்துடலாம்."

"கண்ணு சொருகுது, தோளை வெட்டணுமா?" என்று கேட்டாள் மனைவி.

"இமையைத் தூக்கற தசை நாடா மாதிரி அவ்வளவு மெல்லிசு. அதுல கை வெச்சா இருக்கறதும் போயிடும். நோய் உடம்பு முழுக்க இருந்தா பெரிய தசையிலயும் தடம் விட்டிருக்கும். அங்க எடுத்தா நஷ்டமில்லை."

மாஸ்டர் வலது தோளைக் காட்டினார். "இதுல எடுங்க. விசில் இடது கையிலதான் பிடிப்பேன்."

*

அந்த மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் தசையை உறைய வைத்து, சீவி, சாயம் ஏற்றுகிற வேலை முழுவதும் ஒருத்தியிடம் இருந்தது. பனியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷ அனுபவம். குளிர்காலமோ கோடைக்காலமோ, கம்பளிச் சட்டை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. "உள்ள வேலை அப்படி" என்பாள்.

எடுத்த தசைத் துண்டை அப்படியே திரவ நைட்ரஜனில் போட்டுவிட முடியாது. சுற்றிலும் ஆவி கட்டிக்கொண்டு, உறைவது தாமதமாகும். தாமதமானால் தசைக்குள் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டி ஊசிகளாக வளர்ந்து, நார்களைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டுவிடும். அதனால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வேறொரு திரவத்தை ஊற்றி, கிண்ணத்தை நைட்ரஜனுக்குள் இறக்கிக் காத்திருக்க வேண்டும். நல்ல குளிர் ஏறியதும் கிண்ணத்தின் அடி வெளுக்கும். சின்னச் சின்ன மணிகளாக வெள்ளை கட்டும். அதைப் பார்த்த பிறகுதான் தசையை உள்ளே விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, கண்ணால் பார்த்துச் செய்வது.

மாஸ்டரின் தசை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நைட்ரஜன் கொண்டுவருகிற வண்டி முந்தின நாளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெரிய உருளையைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. 'இன்றைக்கு வேண்டாம், திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம்' என்று அறுவை அறைக்குப் போன் செய்யக் கையை நீட்டினாள். அதற்குள் நர்ஸ் ஈரத் துணியில் சுற்றிய சின்ன டப்பாவோடு வாசலில் நின்றாள். வெட்டியாகிவிட்டது.

இருந்ததை ஊற்றினாள். கிண்ணத்தின் பாதி உயரம்வரைதான் வந்தது. காத்திருந்தாள். ஆவி குறைந்துகொண்டே போனது, நைட்ரஜன் கண்ணெதிரே வற்றியது. அடியில் ஒரு பக்கம் லேசாக வெளுத்தது. இன்னொரு பக்கம் வெளுக்கவில்லை. இன்னும் காத்திருந்தால் இருப்பதும் போய்விடும். 'போதும்' என்று தோன்றியது. உள்ளே விட்டாள்.

திங்கட்கிழமை சீவிச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டைத் தூக்கிப் பார்த்தபோதே அவளுக்கு நெருடியது. நார்களுக்குள் ஓட்டைகள். ஆனால் ஸ்லைடைப் படித்துச் சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை. அவர் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

பெரிய டாக்டர் மூன்று வார விடுப்பில் இருந்தார். சின்ன டாக்டர்தான் பார்த்தார். கெட்டிக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். சிறிது நேரத்தில் அவர் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"அக்கா, இங்க வாங்க! இதைப் பாருங்க. நாருக்குள்ள ஓட்டை. ஓரத்துல சிவப்பா கரை கட்டின மாதிரி இருக்கா?"

இருவர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். கரை இருப்பதாக நினைத்துப் பார்த்தால் இருந்தது.

"நோயாளிக்கு வயசு நாப்பத்தாறு. அவரோட அப்பாவுக்கும் கண்ணு இறங்கியிருந்ததாம், பழைய போட்டோவுல இருக்காம். எல்லாம் பொருந்துது அக்கா. நான் இதைப் புஸ்தகத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்."

"ஐஸா இருக்குமோ டாக்டர்?" என்றாள் பனியக்கா. குரல் தொண்டையைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

அவர் சிரித்தார். "நீங்க செஞ்ச ஸ்லைடுல ஐஸா? நல்லாச் சொன்னீங்க."

அவர் திட்டியிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அந்தச் சிரிப்பில் இருந்த நம்பிக்கை அவள் வாயைக் கட்டிப்போட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அறிக்கை போய்விட்டது.

*

பதினோரு நாள் கழித்து மாஸ்டர் சோதனைக்கூடத்தின் ஜன்னலுக்கு வந்தார். மரபணுச் சோதனைக்கு அனுப்ப ஒரு தாளில் முத்திரை வேண்டும் என்றார். அந்தச் சோதனையின் முடிவு வர இரண்டு மாதம் ஆகும். தாடையை உயர்த்தி, இமைகளுக்குக் கீழே கிடைத்த இடைவெளி வழியாக அவளைப் பார்த்தார்.

"நீங்கதான் என் தோளைச் சீவினவங்களா?"

"ஆமாங்க" என்றாள்.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. மூணு மாசமா யாரும் சொல்லாததை நீங்க சொல்லிட்டீங்க." அவர் கிண்டல் பண்ணவில்லை. "பரம்பரை நோயாம். கண்ணுல ஆரம்பிச்சு தொண்டைக்கு இறங்குமாம். முழுங்கறது கஷ்டமாயிடுமாம். எனக்கு வந்தா வந்துட்டுப் போகட்டும். பிள்ளைங்களுக்கு ஆளுக்குப் பாதிப் பாதி வாய்ப்புன்னு சொல்றாங்க. பையனுக்குப் பத்தொன்பது, பொண்ணுக்குப் பதினஞ்சு."

அவள் முத்திரையை எடுத்தாள். மையில் ஒற்றினாள். தாளில் குத்தவில்லை.

"எங்க வீட்டுல இப்போ புதுசா ஒரு போட்டி நடக்குது தெரியுமா?" என்று சிரித்தார் மாஸ்டர். "டாக்டரம்மா எனக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணி கொடுத்து எத்தனை செகண்டுல முழுங்கறேன்னு பார்த்தாங்க. அதைக் கேட்டுட்டுப் பையன் வீட்டுல என் ஸ்டாப்வாட்சை எடுத்து வெச்சுக்கிட்டான். சாப்பிட உட்காரறதுக்கு முன்னாடி மூணு பேரும் வரிசையா நின்னு தண்ணி குடிக்கறோம். அவன் ஆறு செகண்டு. பாப்பா அஞ்சு. முந்தாநாள் அவளுக்குப் புரையேறி எட்டு செகண்டு ஆயிடுச்சு. ராத்திரி முழுக்க அழுதா. என் பொண்டாட்டி அந்த வாட்சைத் தூக்கி அலமாரி மேல எறிஞ்சுட்டா."

பனியக்கா முத்திரையை மூடி வைத்தாள். "இதைச் சாயங்காலம் வாங்கிக்கறீங்களா? டாக்டரை ஒரு வார்த்தை கேக்கணும்."

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஸ்லைடை எடுத்து வைத்தாள். இந்த முறை மேஸ்திரி சுவர் பார்ப்பது போல ஓரம் ஓரமாகப் பார்த்தாள். துண்டின் ஒரு விளிம்பில் ஓட்டையே இல்லை. நடுவை நோக்கி வர வர ஓட்டைகள் பெருத்தன. நோய் அப்படி ஒரு பக்கமாக வரிசை கட்டி வராது, குளிர்தான் வரும். கிண்ணத்தில் வெளுத்த பக்கமும் வெளுக்காத பக்கமும் அப்படியே தசையில் பதிந்திருந்தன. மீதித் துண்டை உறைபெட்டியிலிருந்து எடுத்துப் புதிதாகச் சீவினாள். அதுவும் சல்லடை.

சின்ன டாக்டர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கு நைட்ரஜன் பத்தலை. அடி வெளுக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். அது ஐஸ் டாக்டர். எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்."

அவர் பாத்திரத்தை மூடினார். "ஏன் அக்கா அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னேன். காதுல விழற மாதிரி சொல்லலை."

அவர் எழுந்து போய் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். அவள் காட்டிய வரிசையில், விளிம்பிலிருந்து நடுவுக்குப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஐஸ்தான். நான் பாக்க ஆசைப்பட்டதைப் பார்த்துட்டேன்" என்றார். படம் எடுத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'பனிக்கட்டி. அறிக்கையைத் திரும்பப் பெறவும். மறுபடி எடுக்கவும்.'

*

குடும்பத்தை அழைத்துச் சொல்வது நரம்பு டாக்டரம்மாவின் பொறுப்பு. நானும் இருக்கிறேன் என்றாள் பனியக்கா. வேண்டாம், கோபம் உங்கள் மேல் திரும்பும் என்றார் டாக்டரம்மா. "திரும்பட்டும். வேற யார் மேல திரும்பணும்?" என்று அவள் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா சொல்லி முடித்தார். மாஸ்டர் தோளைத் தடவிக்கொண்டார். தையல் பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, பனியக்காவை மட்டும் பார்த்தாள்.

"மறுபடியும் வெட்டணுமா? இவரு என்ன தச்சுப் பழகற துணியா?"

"தப்பு என்னோடதுதாங்க" என்றாள் பனியக்கா.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இந்தப் பதினோரு நாளும் என் பிள்ளைங்க எப்படிச் சாப்பிட்டாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டாங்க. இப்ப வந்து அது இல்லைங்கறீங்க. நாளைக்கு அதேதான்னு சொன்னா?"

"அதேதான்னும் வரலாங்க. இல்லைன்னும் வரலாம். எனக்குத் தெரியாது. அந்தத் துண்டை வெச்சு எதுவுமே சொல்ல முடியாதுன்னு மட்டும்தான் தெரியும்."

மாஸ்டர் செருமினார். "இந்தாம்மா, விடு. அவங்க சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? நானும் எத்தனையோ பந்தை வெளியேன்னு சொல்லியிருக்கேன், உள்ள விழுந்திருக்கும். விசிலை மறுபடி ஊதி மாத்திச் சொல்ல எனக்கு எத்தனை தடவை தைரியம் வந்துச்சுன்னு கேளு. இந்தத் தடவை இடது தோள்ல எடுங்க டாக்டர்."

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "எடுக்கலாம். ஆனா அதை உறைய வெக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும். என் கண்ணால பாக்கணும்."

அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். "வரட்டுங்க" என்றாள் பனியக்கா.

*

இந்த முறை உருளை நிறைந்திருப்பதை உறுதி செய்த பிறகே நாள் குறித்தார்கள். மாஸ்டர் அறுவை அறையில் படுத்திருந்தபோது, அவர் மனைவி சோதனைக்கூடத்தில் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தது. பழக்கத்தில் அதன் காலை இரண்டு விரலால் வளைத்துச் சரி செய்துகொண்டாள்.

பனியக்கா நைட்ரஜனை ஊற்றினாள். வெண்புகை பொங்கி மேஜை விளிம்பில் வழிந்து தரையில் இறங்கியது. கிண்ணத்தை உள்ளே இறக்கினாள்.

"இப்போ என்ன?" என்றாள் மனைவி.

"காத்திருக்கணும். அடியில வெள்ளை மணி கட்டும்."

நர்ஸ் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். ஈரத் துணியைப் பிரித்தபோது உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு செந்நிறத் துண்டு. மனைவி அதையே பார்த்தாள். இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்த ஆளின் உள்ளே இருந்து வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவு போதுங்க."

பனியக்கா துண்டைத் துணியின் நூல் ஒட்டாமல் துடைத்து, நார்கள் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு சின்னத் தக்கை மேல் நிறுத்தினாள். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மனைவியும் எட்டிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் பனிமூட்டம் போல வெள்ளை படர்ந்தது.

"வந்துடுச்சே" என்றாள் மனைவி.

"இல்லைங்க. இங்கதான் அன்னிக்கு நான் போட்டது."

மனைவி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் மறுபடி குனிந்தார்கள். வெள்ளை மெல்ல மறு ஓரத்துக்கு நகர்ந்தது. அடி முழுவதும் வெளுத்து, அதன் மேல் கல் உப்பு மாதிரி மணிகள் கட்டின. பனியக்கா இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றினாள். மணிகள் கெட்டியாயின.

"இப்போ?" என்றாள் மனைவி. குரலில் அதட்டல் இல்லை.

"இப்போ."

தக்கையோடு துண்டை உள்ளே விட்டாள். ஒரு நொடியில் அது சுண்ணாம்புத் துண்டு போல வெளுத்தது. இருபது எண்ணி வெளியே எடுத்தாள். மனைவியும் உதட்டசைவில் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெளியே போகும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. "இதோட கால் லூஸா இருக்கு. கீழ குனிஞ்சா நழுவிடும். ஸ்க்ரூவை இறுக்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஸ்லைடு தயாரானபோது பெரிய டாக்டர் விடுப்பு முடிந்து வந்திருந்தார். சின்ன டாக்டர், பெரிய டாக்டர் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். பனியக்கா பின்னால் நின்றாள். ஓட்டை ஒன்றுகூட இல்லை. நீலப் பச்சை நார்களுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நார்கள் மட்டும் விளிம்பெல்லாம் சிவந்து, கிழிந்த துணி ஓரம் போலப் பிசிறடித்திருந்தன. பெரிய டாக்டர் சின்னவரைக் கேட்டார்.

"என்ன தெரியுது?"

"நீங்க சொல்லுங்க சார்."

"பயப்படாம சொல்லுய்யா. ஒரு தடவை சுட்டுக்கிட்டா அடுப்புப் பக்கமே போக மாட்டியா?"

"நாருக்கு சக்தி தயாரிச்சுக் கொடுக்கற மைட்டோகாண்ட்ரியாவுல கோளாறு" என்றார் சின்ன டாக்டர். "வேலை செய்ய முடியாம, எண்ணிக்கையில மட்டும் பெருகி ஓரத்துல குவிஞ்சிருக்கு. ஆனா இன்னொரு சாயத்தையும் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அது எப்படி வந்திருக்கு அக்கா?"

"நல்லா வந்திருக்கு டாக்டர். ஐஸ் இல்லை. சத்தியமா இல்லை" என்று உரக்கவே சொன்னாள் அவள்.

மூன்றில் மூன்றாவது நோய். கண் தசைகள் ஓய்வே இல்லாமல் உழைக்கிறவை, அவற்றுக்குத்தான் சக்தி அதிகம் வேண்டும். பற்றாக்குறை முதலில் அங்கேதான் தெரிகிறது என்று நரம்பு டாக்டரம்மா மாஸ்டருக்கு விளக்கினார். இதை முழுதாகக் குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் மூன்று மாதம் சாப்பிட்ட மாத்திரைகள் வேண்டாம், படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

"பிள்ளைங்க?" என்றாள் மனைவி.

"இவருக்குப் பழுது மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த மரபணுவுலன்னு அந்தத் துண்டுலயே சோதிச்சாச்சு. அது தாய்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போகும். அப்பாகிட்ட இருந்து போறதில்லை. இவர்கிட்ட இருந்து அவங்களுக்கு இது வராது."

"இவரோட அப்பாவுக்கும் கண்ணு இறங்கி..."

"அவருக்கு எழுபத்தஞ்சு வயசுல இறங்கினது வயசானதால. எல்லாருக்கும் இறங்கறதுதான்."

மனைவி பையிலிருந்து போனை எடுத்தாள், யாரை அழைப்பது என்று மறந்தவள் போலத் திரும்ப உள்ளே வைத்தாள். மாஸ்டர்தான் எடுத்துப் பையனை அழைத்தார். "டேய், இனிமே தண்ணியை மெதுவாவே குடிங்கடா" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, "ஆமாடா, ஆமா" என்று நாலைந்து முறை சொன்னார்.

டாக்டரம்மா காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். இந்த நோயில் இதயத்தையும் பார்த்தாக வேண்டும். தசைக்குச் சக்தி குறைவது போல, இதயத்துக்குள் துடிப்பைக் கடத்துகிற பாதையும் சில சமயம் பழுதாகும். எப்போதாவது மயக்கம் வந்ததுண்டா?

"இல்லை" என்றாள் மனைவி.

"ரெண்டு தடவை" என்றார் மாஸ்டர். மனைவி சட்டென்று திரும்பினாள். "மைதானத்துல. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. வெயில்னு நினைச்சேன். உன்கிட்டச் சொன்னா விசிலைப் பிடுங்கிடுவியேன்னு..."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்றாள்.

ஒரு நாள் முழுவதும் மார்பில் கருவியை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சில இடங்களில் துடிப்பு மூன்று நொடிக்கு மேல் நின்று, பிறகு தொடர்ந்திருந்தது. அடுத்த வாரமே பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதய டாக்டர் சொல்ல ஆரம்பித்ததை, "வேணாம் டாக்டர், நடக்காததை ஏன் கேக்கணும்?" என்று மாஸ்டர் நிறுத்திவிட்டார்.

பனியக்காவுக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கையோடு முடிந்தது. நைட்ரஜன் ஒரு அளவுக்குக் கீழே போனால் சோதனைக்கூடமே தசை எடுப்பதைத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று புது விதி வந்தது. சின்ன டாக்டரும் தன் தப்பைச் சொல்லித் தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

*

மாஸ்டர் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வந்தார். முகவீக்கம் வற்றி, பழைய ஒல்லி முகம் திரும்பியிருந்தது. மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கம்பி வளையம் இரண்டு. அவை இமைகளைத் தாங்கித் தூக்கியிருந்தன. மனைவி கடையில் ஏழு முறை வளைத்துப் பார்த்துப் பொருத்தினாளாம். கண் காயாமல் இருக்க மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். தாடை இறங்கி, ஆள் நேராகப் பார்த்தார். பிள்ளைகள் இப்போது என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லையாம். "ஏதோ வெச்சிருக்காங்க. நான் திரும்பினா சிரிப்பை அடக்கறாங்க" என்றார்.

பெரிய போட்டிகளுக்கு நடுவராகப் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். வேகமான பந்துக்கு இனிமேல் கழுத்து மட்டும் போதாது, அவருக்கே தெரிந்தது. பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு மட்டும் போகிறார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"ஒரு உதவி வேணும். என்னோட தசையை நான் பாக்கணும்."

பனியக்கா கதவைத் திறந்து உள்ளே விட்டாள். ஸ்லைடை வைத்தாள். அவர் கம்பிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இந்தச் சிவப்புதானா?"

"ஆமாங்க. ஓரம் பிசிறா இருக்கு பாருங்க."

"நூத்துக்கு எத்தனை இருக்கும்?"

"எட்டு, ஒன்பது."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு."

அவர் அசையாமல் பார்த்தார். வலது தோளின் ஸ்லைடைப் பற்றிக் கேட்பாரோ என்று அவள் நினைத்தாள். கேட்டால் காட்டுவதாகத்தான் இருந்தாள். அவர் கேட்கவில்லை.

"இது எனக்குத் தோதா இருக்கு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல். "கண்ணை ஆட்ட வேண்டாம், கழுத்தை ஆட்ட வேண்டாம். பாக்க வேண்டியது தானா நகர்ந்து எதிர்ல வருது."

"நான்தான் நகர்த்தறேன்" என்றாள் பனியக்கா. அவள் விரல் மைக்ராஸ்கோப்பின் திருகில் இருந்தது.

"அப்படியா? சரி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போங்க."

அவள் மெதுவாகத் திருகினாள்.